யாருடைய ஊர்?

நம்மில் பெரும்பாலோர் இந்தத் தலைநகரைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்லர். நமக்காகத் தேர்ந்தெடுத்தது ஓர் ஆணைத்தாள். தேர்வாணையத்தின் தேர்வில் தேறினோம். எந்த அமைச்சகம், எந்த ஊர் என்பதை முகம் அறியாத ஒருவர் ஒரு பட்டியலில் குறித்தார். ஒரு பெட்டியும் ஓர் ஊறுகாய்ப் புட்டியுமாகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். ஏறத்தாழ 33 மணி நேரம் கழித்து இறங்கிய இடமே நம் ஊராயிற்று. நமக்கு முந்திய தலைமுறையினர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து கரோல் பாகில் குடியேறினர். பின்னர் லோதி காலனி, வினய் நகர், இராமகிருஷ்ணபுரம் என அரசுக் குடியிருப்புகள் எழுந்த வழியே நகர்ந்தனர். அவர்களையும் எவரும் கேட்கவில்லை. கேளாமல் தரப்பட்ட ஊரில் ஒரு வசதி உண்டு. சூன் மாத வெயிலானாலும் சனவரிப் பனியானாலும் பழியை ஆணைத்தாளின் தலையில் போட்டுவிடலாம். நாமும் அவ்வாறே பல ஆண்டுகள் போட்டு வந்திருக்கிறோம்.

இன்று நம் இல்லங்களில் நிலைமை வேறு. நம் பிள்ளைகளும் மருமக்களும் தம் ஊரைத் தாமே தேர்கின்றனர். ஒரே நிறுவனத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. எங்கே போகிறாய் என்று கேட்டு, விடை சொல்ல ஒரு மாதம் தவணையும் தருகிறார்கள். தேர்வுரிமை கைக்கு வந்த அன்றே பழி போடும் வசதி கையைவிட்டுப் போயிற்று. தானும் மனைவியும் குழந்தையும் எந்த ஊரில் வாழ்வது என்று ஒருவன் கையெழுத்திடும்போது, தன் நாள்களை மட்டும் அவன் எழுதிக் கொடுக்கவில்லை. பிறர் நாள்களையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறான். அந்த உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது? சம்பளம் அவன் பெயருக்கு வருவதனாலா? வாடகை எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று பேசுகிறோமே, அவற்றுக்கெல்லாம் அடியில் இந்தக் கேள்வி படுத்துக் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

சென்ற குளிர்காலத்தில் நம் தமக்கை மகன் அலுவல் காரணமாகத் தில்லிக்கு வந்து நான்கு நாள் நம்முடன் தங்கினான். கட்டுமானப் பொறியாளன். வயது 34. மனைவி மயிலாடுதுறையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் பணி செய்கிறாள். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நம் தமக்கையார் கணவரை இழந்தவர். அவர்களோடு அதே வீட்டில் இருக்கிறார். நிறுவனம் அவனிடம் துபாயா, சிங்கப்பூரா என்று கேட்டிருந்தது. இரண்டாம் நாள் இரவு, உணவுக்குப் பின், அவன் தன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் முன் விரித்தான்.

"மாமா, நீங்கள் இருபது ஆண்டாகக் கோப்புப் பார்க்கிறவர். இதைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

கணினியில் கட்டம் போட்டு அச்சிட்ட அட்டவணை அது. இடப்பக்கம் பதினைந்து இனங்கள். அவற்றுக்கு எதிரே இரண்டு ஊர்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்கள். சம்பளம், வருமான வரி, வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, விமானக் கட்டணம், ஊருக்கு அனுப்பக்கூடிய மீதம் என்று வரிசையாக இறங்கியது. கூட்டினால் சிங்கப்பூருக்கு 81, துபாய்க்கு 78. அரசு அலுவலகத்தில் இத்தனை நேர்த்தியான அட்டவணை மேசைக்கு வந்தால் மறுபேச்சின்றி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவோம். அன்று இரவு நமக்கு ஏனோ அனுப்ப மனம் வரவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பதினைந்து இனங்களில் பத்து பணம். எஞ்சிய ஐந்தும் ஊரைப் பற்றியவை. வீட்டில் உள்ளவர் எவரையும் பற்றியவை அல்ல. அவன் மனைவி அந்தத் தாளில் எங்கும் இல்லை. குழந்தை 'பள்ளிக் கட்டணம்' என்ற பெயரில் இருந்தாள். தமக்கையார் 'விமானக் கட்டணம்' என்ற பெயரில் இருந்தார்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. உலகமே ஊர்களை இப்படித்தான் அளக்கிறது. வாழத் தகுந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. அமைதி, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, கட்டமைப்பு என்ற ஐந்து தலைப்பில் மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துகிறார்கள். வியன்னா 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அத்தகைய பட்டியல் ஒன்றில் முதலிடம் பெற்றது. 2025இல் கோபன்ஹேகன் அதை முந்தியது. மகிழ்ச்சியே. ஆனால் மயிலாடுதுறையிலிருந்து போகும் எட்டு வயதுக் குழந்தை மாலையில் யாரோடு விளையாடும் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது. அதைப் போடுபவர்களுக்கு அந்தக் குழந்தையைத் தெரியவும் தெரியாது. தெரிந்த தந்தையும் அதே கட்டங்களைக் கடன் வாங்கிக்கொள்வதுதான் வியப்பு.

இரு ஊர்களையும் பற்றி அவன் திரட்டிய செய்திகளை எல்லாம் அன்று இரவு கேட்டோம். கேட்கக் கேட்க, ஊர் என்பது ஒரே பொருள் அன்று, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஊர் என்பது விளங்கிற்று.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. தீபாவளிக்கு நாடே விடுமுறை. நம்மைப் போன்றவர்க்கு இதைக் கேட்டாலே கண் நிறையும். தில்லியில் நம் பெரியவர்கள் தமிழ்ப் பள்ளிகளைக் கட்டிக் காக்கப் பட்ட பாடு நமக்குத் தெரியுமல்லவா? நாமும் முதலில் சிங்கப்பூருக்கே வாக்களித்தோம். பிறகு நுணுக்கங்கள் வந்தன. வெளிநாட்டவர் குழந்தைக்கு அங்குள்ள அரசுப் பள்ளியில் இடம் உறுதி அன்று. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்து எஞ்சியதில், தேர்வு எழுதித் தேறினால் இடம். இல்லாவிட்டால் கட்டணம் மிகுந்த பன்னாட்டுப் பள்ளி. ஆட்சிமொழி என்ற பெருமை வாசலில் நிற்கும். குழந்தை அதற்குள் நுழைவாளா என்பது வேறு செய்தி. அதைவிடப் பெரியது ஒன்று. கணவனைச் சார்ந்து செல்லும் மனைவி, 2021 மே மாதம் முதல், தனக்கென்று தனி வேலை அனுமதி பெற்றாலன்றி அங்கே வேலை செய்ய இயலாது. ஒன்பது ஆண்டு நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பழகிய ஒருத்தி, அது கிட்டாத வரையில், அடுக்குமாடி வீட்டின் சன்னலுக்கு முன் அமர வேண்டியதுதான்.

துபாயில் இது தலைகீழ். கணவனைச் சார்ந்த விசாவில் இருந்துகொண்டே மனைவி அனுமதி பெற்று வேலைக்குப் போகலாம். ஆய்வகப் பணிக்கு அங்குள்ள சுகாதார ஆணையத்தின் உரிமத் தேர்வில் தேறவேண்டும், அவ்வளவே. சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளிகள் பல உண்டு. கூடவே அரபு மொழியும் படிக்கவேண்டும். ஆனால் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அங்கே வந்தவர் வந்தவரே. 2019 முதல் ஒரு சிலருக்கு நீண்டகாலக் கோல்டன் விசா தருகிறார்கள் என்றாலும், பெரும்பாலோர்க்கு வேலை இருக்கும் வரையில்தான் ஊர். வேலை போனால் குறித்த தவணைக்குள் வேறு வேலை தேடவேண்டும். அல்லது பெட்டி கட்டவேண்டும்.

ஆகவே குழந்தையின் ஊர் சிங்கப்பூராக இருக்கலாம். தாயின் ஊர் துபாய். தந்தைக்கு இரண்டும் ஒன்றே. காலையில் அலுவலகத்துக்குப் போய் அதே கணினியின் முன், அதே வரைபடத்தின் முன் அமர்பவனுக்கு ஊர் எதுவானால் என்ன? அவன் வாழ்வது ஊரில் அன்று, அலுவலகத்தில். ஊரில் வாழ்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள். ஊரைத் தேர்பவனோ அலுவலகத்தில் இருப்பவன்.

குழந்தையிடம் கேட்டாயா என்றோம். கேட்டானாம். அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கே மழை பெய்யுமா, அப்பா?" காவிரிப் படுகையில் பிறந்த குழந்தை வேறென்ன கேட்கும்? சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பெய்யும். துபாயில் எப்போதாவது பெய்யும். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெய்யலில் விமான நிலையமே குளமாயிற்று என்பது வேறு கதை. அட்டவணையில் மழைக்குக் கட்டம் இல்லை. "போட்டுவிடட்டுமா, மாமா?" என்றான். வேடிக்கைக்காகக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்பது அவன் முகத்திலிருந்து தெரியவில்லை.

வேலைக்காகக் குடும்பத்தோடு வேற்றூர் போன கதை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் திருப்பம் அதுதானே. பொருள் இழந்த கோவலன், இழந்ததை மீட்க மதுரைக்குப் போவது என்று ஓரிரவில் முடிவு செய்கிறான். பொழுது விடியுமுன் மனைவியை அழைத்துக்கொண்டு புகாரை விட்டுப் புறப்படுகிறான். அவன் மதுரையைத் தேர்ந்ததில் கணக்குப் பிழை இல்லை. பெரிய நகர், வாணிகம் நடக்கும் இடம், பழைய பெயரை யாரும் கிளற மாட்டார்கள். அவன் காலத்தில் அட்டவணை போட்டிருந்தாலும் மதுரைக்கே மதிப்பெண் மிகுந்திருக்கும். கண்ணகியை அவன் கேட்டானா? எழுந்து வா என்றான், எழுந்து வந்தாள். வழி நடந்து அவள் அடி நொந்ததை எல்லாம் பார்த்த பிறகுதான், மதுரையில், தான் அழைத்ததும் மறுப்பேதும் இன்றி வந்தாளே என்று அவன் வருந்துகிறான். பிறகு நேர்ந்ததற்கு ஊழ் என்று பெயர். ஊழ் இருக்கட்டும், அவன் கொலையுண்ணாமல் சிலம்பை நல்ல விலைக்கு விற்றுத் திரும்பியிருந்தாலும், கேளாமல் அழைத்து வந்தது கேளாமல் அழைத்து வந்ததுதானே? முடிவு நல்லதாக அமைந்தால் முறையும் நல்லதாகிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இதை எழுதும் தகுதி நமக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பவர்க்கு ஒரு கதையைச் சொல்லியாகவேண்டும். பெருமைக்குரிய கதை அன்று.

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் துணைவியார் மணமாகித் தில்லிக்கு வந்தார். அரசுக் குடியிருப்புக்கு நம் முறை வர நெடுங்காலம் ஆகும் நிலை. வாடகைக்கு வீடு பார்க்கவேண்டும். நாமும் அன்று ஓர் அட்டவணை போட்டோம். அச்சிடவில்லை, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். யமுனைக்குக் கிழக்கே ஷாஹ்தராவில் இரண்டு அறை, தண்ணீர் தாராளம், வாடகை குறைவு. மெட்ரோ ரயிலில் கஷ்மீரி கேட் வந்து வண்டி மாறினால் அடுத்த வண்டி மத்தியச் செயலகத்தில் கொண்டுபோய் விடும். கணக்கு முற்றிலும் சரி. நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஒருநாள் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினால் சமையலறை சில்லென்று கிடந்தது. காலை பதினோரு மணிக்கே கியாஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று துணைவியாருக்குத் தெரியவில்லை. பகலெல்லாம் ரொட்டித் துண்டுகளைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் தொலைபேசியில் அழைக்கவில்லை என்று கேட்டோம். அலுவலக நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று நாமே சொல்லியிருந்தோமாம். சொல்லியிருப்போம். அதற்குப் பிறகு அவர் கோபமின்றிச் சொன்ன ஒன்றுதான் இன்றளவும் நெஞ்சில் நிற்கிறது.

"இன்றைக்கு முழுவதும் நான் வாய் திறந்து பேசியது மூன்று வார்த்தை. காய்கறி வண்டிக்காரரிடம் கித்னா, நஹீன், பஸ். நேற்றைக்கும் அதே மூன்றுதான். இன்றைக்கு வித்தியாசம் ஒன்றும் இல்லை. அடுப்பு எரியவில்லை, அவ்வளவுதான்."

அப்போது அவர் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அத்தனை மாதமும் நாம் அந்த வீட்டைப் பற்றி நல்ல வீடு என்றே சொல்லி வந்திருக்கிறோம். நமக்கு அது நல்ல வீடுதான். நாம் அங்கே உறங்க மட்டுமே செய்தோம். அந்த அண்டைவீட்டார் கெட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிறகு பழகிப் பார்த்தபோது எத்தனை அன்பானவர்கள் என்பது தெரிந்தது. பழகுவதற்குத் தேவைப்பட்ட முதல் பத்துச் சொற்கள் துணைவியாரிடம் இல்லை. அவற்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவர் காலை எட்டரைக்கு வண்டி ஏறிவிடுவார்.

இரண்டு மாதத்தில் முனீர்க்காவுக்குப் பெயர்ந்தோம். ஒரே அறை, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை, அலுவலகத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பயணம். அட்டவணைப்படி அடிமுட்டாள்தனம். ஆனால் நடந்து போகும் தொலைவில் இராமகிருஷ்ணபுரம், மலை மந்திர், சங்கக் கட்டடம், மாலையில் பேச நான்கு பேர். ஆறு மாதத்தில் துணைவியார் இந்தியும் பேசினார். தமிழ் பேச ஆள் கிடைத்த பிறகே அவருக்கு இந்தி வந்தது. இது விந்தையானாலும் நம் கண்முன் நடந்தது.

இதிலிருந்து நாம் கற்றதை மருமகனிடம் சொன்னோம். குடும்பத்துக்கு ஊர் தேடும்போது வீட்டில் யாருக்கு அங்கே மிகக் குறைவாக இருக்குமோ, அவருடைய ஒரு நாளை அளவுகோலாக வை. அலுவலகமோ பள்ளியோ மொழியோ நண்பரோ வாய்க்கப்பெறாதவர் யார்? காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை அவர் என்ன செய்வார், யாரிடம் பேசுவார்? அதை எழுதிப் பார். அந்த நாள் வாழத் தகுந்ததானால் மற்றவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள்.

அவன் விடவில்லை. "மாமா, பலவீனமானவர் நானாக இருந்தால்?" என்றான். நியாயமான கேள்வி. சம்பாதிப்பவனே துணையற்று நிற்கும் நிலையும் உண்டு. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தை ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் விழுங்குபவர்கள் நம் சங்கத்து வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதுமட்டும் அன்று. இன்று துணையற்றவர் நாளை வேரூன்றிவிடுவார்; இன்று துள்ளி ஓடும் குழந்தை பதினைந்து வயதில் எந்த ஊருக்கும் உரியவளல்லள் என்று அறைக்குள் கதவடைத்துக்கொள்ளலாம். ஆதலால் நம் அளவுகோல் ஒருமுறை அளந்து பெட்டிக்குள் வைத்துவிடக் கூடியது அன்று. ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்து அளக்கவேண்டும். அளவு மாறியிருந்தால் ஊரை மாற்றும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவுக்குப் பணம் வேண்டும் என்றான். அதுவும் உண்மை, வாதத்தில் அவனுக்கு ஒரு மதிப்பெண்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் மனச்சாட்சி உறுத்தும். எந்த ஊர் என்று மனைவியோடு அமர்ந்து பேசுவதே ஒரு செல்வம். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளத் திங்கள் வருவாய் 4,000 திர்காம், அல்லது தங்குமிடம் தருவார்களானால் 3,000 திர்காம் வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரில் அந்த வரம்பு 6,000 வெள்ளி. நம் மருமகன் வரைந்து கொடுக்கும் கட்டடத்தைச் சாரத்தில் ஏறிக் கட்டுபவர், அவரும் நம் மாவட்டத்துக்காரராகவே இருக்கலாம், இந்த வரம்புக்குக் கீழே நிற்கிறார். கோடையில், சூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று அமீரகத்தில் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். மனைவியை இரண்டாண்டுக்கொரு முறை பார்ப்பவனுக்கு எந்தச் சட்டம் நிழல் தரும்? அவருக்கு நம்முடைய இந்தக் கட்டுரை முழுவதும் வெற்றுப் பேச்சாகத் தோன்றினால் அவர்மீது பிழை இல்லை.

மருமகன் ஊர் திரும்பியதும் நாம் சொன்னபடி வெற்றுத் தாள்களை எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறான். அவன் மனைவி இரண்டு ஊருக்கும் தன் நாளை எழுதினாள். சிங்கப்பூர்த் தாளில் காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை ஒரு கோடு; கோட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை. "எழுத ஒன்றும் இல்லை, மாமா, அழவும் இல்லை, கோபமும் இல்லை. பேனா அங்கே போய் நின்றுவிட்டது" என்று தொலைபேசியில் சொன்னாள். மதிப்பெண் 81 என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை.

எஞ்சியது தமக்கையாரின் தாள். உண்மையில் நம் மனத்தை அரித்ததும் அதுவே. தாயைத் தனியே விட்டு எந்த ஊருக்குப் போனாலும் அது தேர்வாகுமா? உடன் அழைத்துச் செல்லலாம் என்றால் அதற்கும் வருவாய் வரம்பு உண்டு. சிங்கப்பூரில் 12,000 வெள்ளி. அமீரகத்திலும் மனைவி மக்களுக்கானதைவிட மிக உயர்ந்த வரம்பு. போகாமலே இருந்துவிடு என்று சொல்லலாமா? சொல்ல நமக்கு வாய் இல்லை. நம் பெற்றோரைக் கும்பகோணத்தில் விட்டுவிட்டு 33 மணி நேரத் தொலைவில் வந்து அமர்ந்தவர்கள் நாம். திருச்சியிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் விமானத்தில் நான்கு மணி நேரந்தான். வெளிநாடு என்ற சொல்தான் தொலைவு. கணக்குப் பார்த்தால் தில்லியே தூரம்.

தமக்கையார் நம்மைவிட மூத்தவர் மட்டுமல்லர், தெளிவானவர். தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பிறகு நம்மைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏன் தம்பி, நீதான் இந்தத் தாள் வேலையெல்லாம் சொல்லிக் கொடுத்ததா? நான் சொல்வதைக் கேள். என்னைக் காரணம் காட்டி அவன் ஓர் ஊரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. என்னைக் காரணம் காட்டி ஓர் ஊருக்குப் போகவும் கூடாது. அப்புறம் அந்த ஊரில் எது நடந்தாலும் அதற்கு நான் பொறுப்பா?"

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. துணையற்றவர் யாரோ அவரையே அளவுகோலாக வை என்று எத்தனை உறுதியாகச் சொன்னோம்! அளவுகோலாக இருக்க அவருக்கு விருப்பமா என்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை. அன்பின் பெயரால் ஒருவரைத் தராசில் ஏற்றி வைப்பதும் அவரைக் கேளாமல் செய்வதுதான். நாம் கோவலனைக் குறை சொன்ன அதே நாவால் தமக்கையாருக்காக முடிவு செய்துகொண்டிருந்தோம். அவர் தனியே இருக்க அஞ்சவில்லை. மகனுடைய வாழ்க்கையின் மேல் தன் பெயர் எழுதப்படுவதற்கு அஞ்சினார். இந்த வேறுபாட்டை அறிய நமக்கு நாற்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது.

ஊர்களைப் பற்றி உறுதி பேசுவோர்க்கு இன்னொன்றும் சொல்லலாம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அன்று தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் ஒருவரிடம் எந்த ஊர் நல்ல ஊர் என்று கேட்டால் தயங்காமல் ரங்கூன் என்றிருப்பார். 1942இல் அங்கிருந்து இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே வந்தனர். அறுபதுகளில் எஞ்சியவர்களுள் பலரும் கப்பலேறி வந்தனர். சென்னையில் பர்மா பசார் அவ்வாறு எழுந்தது. 1990 ஆகஸ்டில் குவைத்தில் இருந்த நம்மவர்கள் ஒரே இரவில் வீடிழந்து, பாலை கடந்து அம்மான் நகரை அடைந்தனர். அங்கிருந்து அவர்களை விமானம் விமானமாக ஏற்றி வரவேண்டியதாயிற்று. இவர்களுள் எவரும் தவறான ஊரைத் தேர்ந்தவர்கள் அல்லர். தேர்ந்தபோது அவை நல்ல ஊர்களாகவே இருந்தன. சரியான ஊரைத் தேர்ந்தோம் என்று நாம் எவரும் நெஞ்சுயர்த்திச் சொல்ல இயலாது; உடன் வருபவர்களைக் கேட்டுத் தேர்ந்தோம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முடிவில் துபாய் என்று ஆயிற்று. வாடகை குறைவென்று பலரும் செய்வதுபோல் பக்கத்துச் சார்ஜாவில் வீடு பார்க்கலாம் என்றுதான் மருமகன் முதலில் எண்ணினான். போக்குவரத்து நெரிசலில் நாள்தோறும் கழியும் நேரத்தை அவன் மனைவி தன் தாளில் எழுதிக் காட்டிவிட்டாள். கராமாவில் சிறிய வீடு. தெருவில் இறங்கினால் நம்மவர் கடைகள். குழந்தைக்குப் பள்ளி அருகில். ஊருக்கு அனுப்பும் மீதம் அட்டவணையில் இருந்ததில் பாதிகூட இல்லை. உரிமத் தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை அரபு எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதப் பழகி, அதே கையோடு ஒருநாள் தமிழையும் வலமிருந்து எழுதிப் பாட்டிக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மழையைப் பற்றி இப்போது கேட்பதில்லையாம்.

தமக்கையார் மயிலாடுதுறையிலேயே இருக்கிறார். தம் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தவர், பேரக் குழந்தை புறப்பட்ட அன்று தாமாகவே கேட்டு வாங்கி, அதில் ஒரே ஒரு வரி எழுதினார் என்று மருமகன் சொன்னான். இரவு 8 மணி, குழந்தையோடு பேச்சு, என்று. சிங்கப்பூராயிருந்தால் அப்போது அங்கே பத்தரை, குழந்தை உறங்கிப்போயிருக்கும். துபாயில் அது மாலை ஆறரை. மருமகன் அலுவலகத்திலிருந்து திரும்பியிருக்க மாட்டான். குழந்தை சாப்பிட்டு முடித்து, அப்பாவும் அம்மாவும் உடனிருந்து பேச எட்டு மணியாகும். எட்டரைக்கே விளக்கணைத்துப் படுத்துவிடும் தமக்கையார் இப்போது ஒன்பதரை வரை விழித்திருக்கிறார்.